ஐந்தும் பதினைந்தும்

 

வியாபாரிகளுக்குப் பாடம் எழுத வந்தால் எண்ணிலிருந்து தொடங்குவதே மரியாதை. தராசுக்குப் பின்னால் நிற்பவரிடம் தத்துவம் பேசினால் அவர் அடுத்த கிராக்கியைக் கவனிக்கப் போய்விடுவார். ஆகவே இப்பாடத்தை இரண்டு எண்களாகவே வைக்கிறோம். ஒன்று ஐந்து; மற்றொன்று பதினைந்து. இவ்விரண்டும் இந்நாட்டின் 1996ஆம் வருஷக் கல்விச் சட்டத்தில் அச்சாகியிருப்பவை. அரிசி விலையும் சீனி விலையும் அறியாத முதலாளி நம்மில் ஒருவருமில்லை. ஆனால் இவ்விரு எண்களையும் அறிந்த தகப்பனார்களை லாபுவிலும் நீலாயிலும் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நாமும் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அதில் இருவர் பெரியவர்களான பிறகே அறிந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் பதினைந்தைப் பார்ப்போம். தேசியப் பள்ளி என்றால் என்ன என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே இந்த எண் இருக்கிறது. மலாய் மொழி அங்கே போதனா மொழி; ஆங்கிலம் கட்டாயப் பாடம்; இவற்றோடு, அப்பள்ளியில் படிக்கும் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். இடைநிலைப் பள்ளிக்கும் இதே விதிதான்.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. சரக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் இவற்றையும் உற்றுப் பார்க்க வேண்டும். முதலாவது, கணக்கு மாணவரை வைத்தே தவிர பெற்றோரை வைத்தன்று. ஒரு தகப்பனாருக்கு அதே பள்ளியில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அவர் ஒருவருடைய கையெழுத்து மூன்று தலைக்குச் சமானம். இரண்டாவது, பதினைவரும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. பள்ளி முழுவதிலும் சேர்த்துப் பதினைந்து போதும். மூன்றாவதுதான் முக்கியமானது. பூர்வகுடி மக்களின் மொழிகளைப் பற்றிப் பேசும்போது அதே சட்டம், நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால் என்றொரு நிபந்தனையைக் கூடவே சேர்க்கிறது. அரபு, ஜப்பான் முதலிய அந்நிய மொழிகளுக்கும் அந்த நிபந்தனை உண்டு. தமிழுக்கும் சீனத்துக்கும் அந்த வால் கிடையாது. கேட்டால் தரவேண்டும், அவ்வளவே. கேட்கவேண்டியது மட்டும் நம் பொறுப்பு.

கேட்பவர் இன்ன மதத்தினராக இருக்கவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. தமிழ் என்றால் அது கோயில் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய பாடம் என்று நம்மவர்களே நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம்.

இனி ஐந்து. அதே சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு கல்விக்கூடத்தில் இஸ்லாமிய மாணவர் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், மாநில அதிகாரம் ஏற்றுக்கொண்ட உஸ்தாதைக் கொண்டு அவர்களுக்கு மார்க்கக் கல்வி தரப்பட வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அந்தப் பிரிவு கல்விக்கூடம் என்று பொதுவாகவே பேசுகிறது. தமிழ்ப் பள்ளியும் அதில் அடங்கும்.

நம் சமூகத்தில் பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதெல்லாம் வீட்டில் ஒரு தர்க்கம் நடக்கும். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் தீன் குறைந்துவிடுமே என்பார் ஒருவர். தேசியப் பள்ளிக்கு அனுப்பினால் தமிழ் போய்விடுமே என்பார் மற்றொருவர். பெரும்பாலும் முதல் பேச்சே வெல்லும். நாமும் அப்படித்தான் செய்தோம். செய்ததைத் தவறென்றும் சொல்லமாட்டோம். ஆனால் சட்டமோ இரண்டு வாசலிலும் ஒவ்வோர் எண்ணை வைத்திருக்கிறது. தமிழ்ப் பள்ளி வாசலில் ஐந்து. தேசியப் பள்ளி வாசலில் பதினைந்து. எந்த வாசலில் நுழைந்தாலும் மற்றதைக் கேட்டுப் பெறலாம். இதை அறியாமல் ஒன்றை வாங்க மற்றதை விற்றுக்கொண்டிருக்கிறோம்.

விற்றதன் விலை என்ன என்று நாம் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. கடையை மூத்த மகன் பார்த்துக்கொண்டான். கெட்டிக்காரன், மலாயும் ஆங்கிலமும் சரளமாக எழுதுவான், மொத்த வியாபாரிக்குக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடுவான். ஆனால் நம் கடையின் உயிர் இருப்பது 555 நோட்டில். எந்த வீட்டுக்கு எவ்வளவு பற்று, எந்தச் சம்பளத்தில் எவ்வளவு வரவு என்பதெல்லாம் நம் கையெழுத்தில், தமிழில் இருக்கின்றன. பெயர்களும் பெயர்கள் அல்ல: கோயில் பக்கத்து வீட்டுப் பாட்டி, டிராக்டர் அண்ணன், பழைய கிராணி மகள் என்று நமக்கு மட்டும் விளங்கும் அடையாளங்கள். மகனுக்கு அந்த நோட்டு ஊமையாக இருந்தது. தமிழ் பேசுவான்; எழுத்து ஒன்றும் தெரியாது.

கடைசியில் அவனுடைய வாப்பும்மா உதவிக்கு வந்தார்கள். எழுபத்தைந்து வயதான நம் தாயார், இரவு கடை அடைத்தபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிக்க, பேரன் ரூமி எழுத்தில் எழுதிக்கொண்டான். ரூமியில் லகரமும் ளகரமும் ஒன்று. ரகரமும் றகரமும் ஒன்று. குறிலும் நெடிலும் ஒன்று. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுள்ள இரண்டு அம்மாமார்களின் கணக்கு ஒன்றோடொன்று கலந்துபோயிற்று. கொடுத்துவிட்டவரிடம் மறுபடி கேட்டு, கொடுக்காதவரைப் புன்னகையோடு அனுப்பியிருக்கிறான். கேட்கப்பட்ட அம்மா இருபது வருஷ வாடிக்கை. நாம் வீடு திரும்பி அவர் வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். இன்றுவரை ரொக்கத்துக்கே வாங்குகிறார். அந்த ரொக்கம் நமக்கு லாபமாகத் தோன்றவில்லை.

படிப்பு என்றால் பட்டமும் உத்தியோகமுமே என்று எண்ணுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொன்னோம். நம் தொழிலில் எழுத்து என்பது நம்பிக்கை. அதே நோட்டைத் தாயாரால் வாசிக்க முடிந்ததன் காரணமும் சிந்திக்கத் தக்கது. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் போனது மூன்றே வருஷம். மீதி எழுத்தெல்லாம் ஓதும் பள்ளியில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் வழியாக வந்தது. தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையை நம் பாட்டிமார் எல்லோரும் அறிந்திருந்தார்கள். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்டங்களையெல்லாம் அவ்வெழுத்தில் எழுதிவைத்தார்கள். அரபியில் இல்லாத ப, ங, ஞ போன்ற ஒலிகளுக்காக எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள் நம் பெரியோர். மலாய்க்காரர்களின் ஜாவியும் அதே மாதிரி, அதே ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிக்கொண்ட எழுத்துத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று சிற்றப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை முறை என்று சொல்லலாம்.

இதை இங்கே ஏன் கொண்டுவந்தோம் என்றால், 2019ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்று உண்டு. அடுத்த வருஷத்து நான்காம் வகுப்பு மலாய்ப் பாடநூலில், ‘காத்’ எனும் ஜாவி எழுத்துக்கலையை அறிமுகப்படுத்தும் சில பக்கங்கள் சேரும் என்றும், சீன, தமிழ்ப் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல என்றும் அந்த ஜூலை மாதக் கடைசியில் செய்தி வந்தது. நாடெங்கும் கூச்சல். சீனக் கல்விச் சங்கங்கள் எதிர்த்தன. தமிழ் அமைப்புகளும் எதிர்த்தன. எதிர்த்தவர்களை இஸ்லாத்துக்கு விரோதிகள் என்று சிலர் ஏசினார்கள். முடிவில் பக்கங்கள் மூன்றாகக் குறைந்தன. சீன, தமிழ்ப் பள்ளிகளில் பெற்றோர் சம்மதித்தால்தான் கற்பிப்பது என்றும் ஆயிற்று.

அந்த நாள்களில் நம் கடை முன்னால் இரண்டு தரப்பாரும் வந்து பேசினார்கள். தோட்டத்துச் சகோதரர்கள், “பாய், இது எங்கள் பிள்ளைகளை மதம் மாற்றவா?” என்றார்கள். பள்ளிவாசலில் பக்கத்து ஸஃபில் நின்றவர்கள், “நீங்கள் யார் பக்கம்?” என்றார்கள். நாம் இரண்டு இடத்திலும் சிரித்து மழுப்பினோம். நம் சமூகம் முழுவதும் ஏறத்தாழ அப்படித்தான் மழுப்பியது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய பரம்பரையில் வந்தவர்கள், எழுத்து வேறு மதம் வேறு என்று தோட்டத்தாரிடம் அச்சம் நீங்கச் சொல்லியிருக்கலாம். நம் பாட்டிமார் அரபு எழுத்தில் தமிழ் வாசித்தும் தமிழராகவே இருந்தார்கள் என்று காட்டியிருக்கலாம். அதே மூச்சில், பிள்ளையின் பாடத்தைப் பற்றித் தகப்பனிடம் கேட்பது குற்றமாகாது என்று மறு தரப்புக்கும் சொல்லியிருக்கலாம். ஷூரா, அதாவது கலந்தாலோசனை என்பது திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே பெயராயிற்றே! இரண்டு கரையையும் அறிந்த தோணிக்காரர்கள் நாம்; வெள்ளம் வந்தபோது தோணியைக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

பிற சமூகத்தாரின் எழுத்தைக் கற்பதைப் பற்றி நம் மார்க்க வரலாற்றில் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. மதீனாவில் நபி நாயகம் (ஸல்) அவர்கள், இளைஞரான ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஏவினார்கள். அவரும் ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்து, நாயகத்துக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதுமாக இருந்தார். இது ஹதீது கிரந்தங்களில் உள்ள செய்தி. கடிதத்தை வாசிக்கப் பிறரை நம்பியிருக்கக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் 555 நோட்டை நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ்ப் பள்ளியில் உபாத்தியாயர்கள் பெரும்பாலும் இந்துக்கள்தாமே, அங்கே நடக்கும் பூஜைகளும் பாட்டுகளும் நம் பிள்ளைகள் மனத்தில் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கும் அதே காலத்திலிருந்து ஒரு விடை உண்டு. பத்ரு யுத்தத்தில் சிறைப்பட்ட மக்கத்தாரில் மீட்புப்பணம் கொடுக்க வழியில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்து மதீனச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த உபாத்தியாயர்கள் சிலை வணக்கக்காரர்கள். முந்தின மாதம் வாளெடுத்து வந்தவர்கள். அவர்களிடமிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டார்களே தவிர நம்பிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை நேரத்தில் பிள்ளை நூல்நிலையத்தில் இருக்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் உஸ்தாதும் உள்ளே வந்துவிடுகிறார். ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தனியே அனுப்பினால்தான் சங்கடம். அண்டை அயலார் பேசிவைத்து ஐவராக அனுப்புவது அதனால்தான் அவசியம்.

இன்னோர் ஆட்சேபம் நியாயமானது. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது மலாய் போதாத பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் அதிகம் உட்காரவேண்டியிருக்கிறது. உண்மை. மலாய் மொழியில் தேறாதவனுக்கு எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்பதும் உண்மை. ஆகவே மலாயைக் குறைத்துக்கொண்டு தமிழ் படி என்று நாம் சொல்லவே இல்லை. கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு மலாய் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தமிழ் எழுத்துத்தான் அங்கே கிடைப்பதில்லை.

லாபுவின் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தால் எண்ணின் மகிமை இன்னும் விளங்கும். 1923ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத்தில் ஓர் எண் இருந்தது: பத்து. ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்து முதலாளி பள்ளிக்கூடம் வைக்கவேண்டும். துரைமார் மனமுவந்து வைத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். கொட்டகையில் பள்ளி, கங்காணியோ கிராணியோ வாத்தியார். ஆனாலும் பத்து என்ற அந்த எண்ணின் பலத்தால் பால்மரக்காடெல்லாம் பள்ளி முளைத்தது. நெகிரி செம்பிலானிலும் அப்படியே. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், பிறகு செம்பனையும் போய் வீடமைப்பு வந்ததும் காரணம். பள்ளி நின்ற நிலம் பல இடங்களில் கம்பெனியின் நிலமாகவே இருந்தபடியால், அரசாங்கத்தின் முழு உதவியும் அவற்றுக்குக் கிட்டவில்லை.

லாபு, நீலாய்க்கும் தீரோய்க்கும் நடுவே ஒரு சிறிய ரயில் ஸ்டேஷன். நம் கடைகளுக்கு வாடிக்கை தந்தது சுற்றிலுமிருந்த தோட்டங்கள். சம்பள நாளில் லயங்களிலிருந்து வரும் கூட்டத்தை நம் தகப்பனார் காலத்தவர் கதையாகச் சொல்வார்கள். 2009ஆம் வருஷ ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. லாபுத் தோட்ட நிலத்தில் மலிவுக் கட்டண விமானங்களுக்குத் தனியாக ஒரு நிலையம் கட்டப்போவதாக ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் அறிவித்தன. செலவு 160 கோடி வெள்ளி என்றார்கள். நம்மவர்களில் சிலர் கடையை விரிக்க இடம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தை நிறுத்தி, சிப்பாங்கிலேயே புதிய நிலையம் என்று தீர்மானித்துவிட்டது. ஒரு மாதத்தில் எழுந்து ஒரு மாதத்தில் விழுந்த அந்தப் பேச்சில், தோட்டத்துப் பள்ளிக்கூடம் எங்கே போகும் என்று கேட்டவர்களை நாம் காணவில்லை. நாமும் கேட்கவில்லை, நாம் கேட்டதெல்லாம் கடை வாடகை எவ்வளவு ஏறும் என்பதே.

இப்பொழுது தோட்டங்களில் வேலை செய்பவர் பலர் வெளிநாட்டார். தமிழ்ப் பிள்ளைகள் டவுனுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். 150க்கும் குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு தனியே வகைப்படுத்துகிறது. தமிழ்ப் பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் அது அவர்களுக்கும் பலம், நமக்கும் ஓர் உஸ்தாது.

தமிழ்ப் பள்ளிகளே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சில சங்கங்கள் வழக்குப் போட்டதையும் அறிவீர்கள். முஸ்லிம் பெயர் தாங்கிய சங்கங்களும் அவற்றில் இருந்தன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், அப்பள்ளிகள் சாசனத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது; 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சாசனத்தின் 152ஆம் விதி, மலாயைத் தேசிய மொழியாக வைத்த அதே மூச்சில் பிற மொழிகளைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் தடையில்லை என்கிறது. வழக்குத் தொடுத்தவர்கள் முஸ்லிம்கள் பெயரால் பேசியபோது, தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள் என்ற நினைவு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. நினைவூட்டாதது யார் குற்றம்?

நம்மவர்கள் முன்பு இப்படி ஒதுங்கியவர்கள் அல்லர். மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ், யமனிலிருந்து நாகூர் வழியாக மலாக்காவுக்கு வந்த குடும்பத்தவர். மலாக்காவில் அக்காலத்தில் கணக்கும் வியாபாரமும் தமிழில் நடந்தபடியால் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்கவைத்தார். தம் சரித்திரத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்நூல் 1849இல் அச்சேறியது. தமிழ் கற்றதால் அவருடைய மலாய் குறைந்துபோகவில்லை. சிங்கப்பூரில் 1887இல் ‘சிங்கைநேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையை நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு. அதே ஊரில் கடையநல்லூர்ச் சகோதரர்கள், யுத்தம் ஓய்ந்த மறு வருஷமே, 1946இல், உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள், லட்சாதிபதிகள் அல்லர். அது உயர்நிலை வகுப்புகள்வரை வளர்ந்து, முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. 1982இல் மூடப்பட்டது. பிள்ளைகள் வராமல் போனதால் மூடப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். கட்டடத்தை யாரும் இடித்து மூடவில்லை. பெற்றோர் ஒவ்வொருவராக வேறு வாசலுக்குத் திரும்பினார்கள்.

வைத்திய விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் பிரஜைகளுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். உலகில் பல நாட்டார் பொறாமைப்படத் தக்க ஏற்பாடு. ஆனால் மருந்துப் பையின் மேல் எழுதியிருப்பதை நம் தாயார் வாசிக்க முடியாது. தாயார் தமிழில் எழுதிவைத்த நோய்க் குறிப்பைப் பேரன் வாசிக்க முடியாது. சர்க்கரை வியாதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் வேண்டியிருக்கிறது.

பதினைந்தை நாம் ஒருமுறை முயன்று பார்த்தோம். அந்த அனுபவத்தையும் மறைக்காமல் வைக்கிறோம். இளைய மகள் படித்த தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. விசாரித்தபோது, இவ்வளவு வருஷமாக யாரும் கேட்கவில்லையே என்ற பதில்தான் கிடைத்தது. அதில் பொய்யில்லை. வீடு வீடாகப் போனோம். முதல் வாரத்தில் ஒன்பது பிள்ளைகள். அதில் ஆறு இந்து வீட்டார், மூன்று நம்மவர். நம்மவர்களில் இருவர், “பேர் போட்டால் பள்ளியில் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார்களோ?” என்று தயங்கினார்கள். ஒரு தகப்பனார், “தமிழ் என்ன சோறு போடுமா?” என்றார், அவர் சோறு தின்பதே தமிழ் வாடிக்கையால்தான் என்பதை நாம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளைக் கணக்கிடவேண்டும் என்ற நுட்பம் தெரிந்தபின், மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு லோரிக்கார அண்ணன் கையெழுத்தால் எண் சட்டென்று ஏறியது. ஒரு மாதத்தில் பதினாறு.

கடிதம் கொடுத்தோம். ஐந்து மாதம் அசைவில்லை. பிறகு ஓர் ஆசிரியை வாரத்தில் இரண்டு பிற்பகல் வந்தார்கள். மகள் அந்த எட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினாள். நோன்புப் பெருநாளைக்கு ஊரில் இருக்கும் நம் பெரியம்மாவுக்கு நான்கு வரிக் கடிதம் எழுதினாள். அதில் ஆறு பிழை. அந்தக் கடிதத்தைப் பெரியம்மா தலையணைக்குக் கீழே வைத்திருப்பதாகப் போனில் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஆசிரியை மாறுதலாகிப் போனார்கள். வேறு ஆசிரியர் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியேறியதில் எண்ணும் பதினொன்றாயிற்று. அப்பொழுது மறுபடி வீடு வீடாகப் போயிருக்க வேண்டும். கடையில் ஆள் இல்லை, பெருநாள் வியாபாரம், மழை என்று தள்ளிப்போட்டோம். வகுப்பு நின்றுபோனது. பள்ளியைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. பற்று நோட்டில் வரவு வராவிட்டால் மறு வாரமே வாசலில் போய் நிற்கிற நாம், இந்தக் கணக்கில் ஒருமுறை கேட்டதோடு உட்கார்ந்துவிட்டோம். பதினைந்து என்பது ஒருமுறை கட்டித் தீர்க்கும் தொகையன்று. வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டிய லைசென்ஸ் மாதிரி.

செய்யவேண்டிய முறை சுலபம். தலைமையாசிரியர் பெயருக்கு மலாயில் ஒரு கடிதம். அதில் 1996ஆம் வருஷக் கல்விச் சட்டத்தைக் குறிப்பிட்டு, தமிழ் வகுப்பு வேண்டும் என்று ஒரே வாக்கியம் போதும். கீழே மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், கையெழுத்து. ஒரு பிரதி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு. கொடுத்த அன்றே நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளவேண்டும். சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து வாங்காமல் விடுவோமா? ஐந்துக்கும் இதே வழிதான். கடிதம் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போகவேண்டும். பள்ளி திறந்தபின் ஓடுவதைவிட, முந்தின வருஷம் ஆசிரியர் தேவையைக் கணக்கெடுக்கும் முன்பே கொடுப்பது நல்லது. தோட்டத்துச் சகோதரர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்தால்தான் பெரும்பாலான பள்ளிகளில் பதினைந்து தேறும்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம் கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதுவும் 555தான், பற்றுக் கணக்கு இல்லாத புது நோட்டு. இவ்வருஷம் அதில் இதுவரை பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர் ஏறியிருக்கிறது. இளைய மகள்தான் எழுதுகிறாள், தமிழில்.